மூச்சு விட ஒரு மாஸ்க் கேட்டால் இத்தனை பொய்யா?

தினமும் போரூரிலிருந்து வடபழனிக்கு ஆற்காடு சாலையில் ஸ்கூட்டரில் போய்வருகிறவள் நான். மெட்ரோவுக்குத் தூண் எழுப்ப ஆரம்பித்ததிலிருந்து அந்தச் சாலையின் புழுதி என் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. போன வருஷம் வீசிங் வந்து, நெபுலைசர் வைத்து, ஒரு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கினேன். "வண்டி எடுத்தா மாஸ்க் இல்லாம போகாதீங்கம்மா" என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு மாஸ்க்கைத் தேடி அலைந்த ஆத்திரம்தான் இந்தப் பதிவு.

துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினால் போதாதா என்று கேட்காதீர்கள். பல வருஷம் அதைத்தான் செய்தேன். துணியின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நுண்தூசி தாராளமாகப் போய்வரும். டப்பாவில் 50 வரும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கோ கன்னத்தின் இரண்டு பக்கமும் வாய் பிளந்து நிற்கும். வண்டி ஓடும்போது காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

அப்புறம்தான் என்95 வாங்கப் போனேன். மெடிக்கல் ஷாப், ஃபேன்சி ஸ்டோர், சிக்னல் ஓரக் கடை, எங்கே கேட்டாலும் "என்95தான் மேடம், 5 லேயர், துவைச்சுப் போடலாம்" என்றே சொல்கிறார்கள். 30 ரூபாய்க்கும் இருக்கிறது, 200 ரூபாய்க்கும் இருக்கிறது. துவைக்கலாமாம்! நிஜமான என்95-ன் நடுவில் இருப்பது மெல்ட்ப்ளோன் என்ற பாலிப்ரொப்பிலீன் இழை. அதில் ஏற்றிவைத்த நிலைமின்சாரம்தான் தூசியைப் பிடித்து இழுக்கிறது. அந்த மின்சாரம் இருப்பதால்தான் தாளை மெல்லிசாக வைத்தும் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 95 சதவீதத்தைத் தடுக்க முடிகிறது, மூச்சும் முட்டுவதில்லை. சோப்புத் தண்ணீரில் முக்கினால் அது போய்விடும். இதைத் தெரிந்தேதான் "வாஷபிள்" என்று அச்சடிக்கிறார்களா? வடிகட்டும் சரக்கு இல்லாதவர்கள் சாதாரணத் துணியை ஐந்து அடுக்காகத் தைத்துவிடுகிறார்கள். தூசியும் நிற்காது, மூச்சும் வராது. வளசரவாக்கம் சிக்னலில் மே மாத வெயிலில், ஹெல்மெட்டுக்குள், அந்த ஐந்து அடுக்கோடு இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து முன்னால் நிற்கும் பஸ்ஸே தெரியாது. மூக்குக்கு மேல் வைக்கும் கம்பி அவ்வளவு சொத்தை. அமுக்கினால் உடனே நிமிர்ந்துகொள்கிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது வால்வு விஷயத்தில்தான். வால்வு என்றால் விடும் மூச்சை மட்டும் வெளியே அனுப்ப மாஸ்க்கின் முன்பக்கம் வைக்கும் வட்டமான திறப்பு. 2020-ல் வால்வு வைத்த என்95 வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. நோயாளி விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போய்விடும், தொற்று பரவும் என்பதால் சொன்னது அது. புழுதிக்காகப் போடுகிற எனக்கு வால்வு பெரிய உதவி, சூடும் ஈரமும் வெளியேறிவிடும். அதை நம்பி ஒன்று வாங்கினேன். போட்டால் முன்னைவிட மோசமாக மூச்சு முட்டியது. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலால் அந்த வட்டத்தை வெட்டி எடுத்தேன். அடியில் ஓட்டையே இல்லை! வெறும் பிளாஸ்டிக் மூடியைத் துணிமேல் ஒட்டியிருக்கிறார்கள். வீசிங் இருப்பவர்களும் வாங்குகிற பொருள் இது. எப்படி மனசு வருகிறது?

காதுப் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் காதின் பின்புறம் புண்ணாகிறது. ஹெல்மெட்டைக் கழற்றினால் மாஸ்க்கும் கூடவே வருகிறது, ஜிமிக்கியும் அதில் சிக்கிக்கொள்கிறது. ஒருமுறை காது மடலே கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. தலைக்குப் பின்னால் மாட்டும் இரட்டைப் பட்டைதான் முகத்தோடு ஒட்டி நிற்கும், காதையும் விட்டுவிடும். அது எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் இல்லை.

தேடித் தேடி பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடை ஒன்றில் கண்டுபிடித்தேன். ஐஎஸ் 9473 (இந்த வகை மாஸ்க்குக்கான இந்தியத் தர எண்), எஃப்எஃப்பி2 (ஏறக்குறைய என்95-க்கு ஈடான ரகம்) என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. இரட்டைப் பட்டை, நிஜ வால்வு, போட்டதும் மூச்சு லேசாக வந்தது. ஆனால் தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி. "சின்ன சைஸ் இருக்காண்ணா?" என்று கேட்டேன். "ஒரே சைஸ்தாம்மா, கம்பெனி ஆம்பளைங்களுக்கு வர்றது" என்றார். இந்த ஊரில் லட்சக்கணக்கான பெண்கள் வண்டி ஓட்டுகிறோம். எங்களுக்கு முகம் இல்லையா? கீழ்ப் பட்டையில் முடிச்சுப் போட்டு இறுக்கி, இப்போது அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன். இறுக்கின இறுக்கில் கன்னத்தில் விழும் தடம் மதியம் வரை மறைவதில்லை.