கதேயையும் அப்பாதான் லைப்சிக்குக்கு அனுப்பினார்

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பும் ஒரு தம்பி போன வாரம் போனில் பேசினான். ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (அங்கே செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் கணக்கு), விசா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்தானேண்ணே, ஜெர்மன்ல ஏ1, அதான் ஆரம்பநிலை, போதும்ல?" என்றான். போதும்டா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது.

நானும் ஏ1 முடித்துவிட்டுத்தான் லைப்சிக்கில் போய் இறங்கினேன். முதல் வருடம் அந்த ஊரில் நான் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். லேப், அறை, இந்தியக் கடை, சனிக்கிழமை நண்பர்களோடு பிரியாணி. ஊர் எப்படி என்று அம்மா கேட்டால் "குளிர்" என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருமுனையில் ஒரு புத்தக அலமாரி உண்டு. பூட்டு கிடையாது. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். ஒருநாள் அதிலிருந்து உள்ளங்கை அளவு மஞ்சள் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ரெக்லாம் பதிப்பு, ஜெர்மன் மகாகவி கதேயின் ஃபவுஸ்ட். சாத்தானோடு ஒப்பந்தம் போடும் ஃபவுஸ்ட் என்ற அறிஞனைப் பற்றிய நாடகம். நம் கோனார் நோட்ஸைப் போல, ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்த மஞ்சள் புத்தகங்களோடு ஒரு பழைய பகை இருக்கும். இதில் உரை கிடையாது, மூலம் மட்டும்தான். இந்த வரிசை தொடங்கியதும் இதே லைப்சிக்கில்தான். 1867 நவம்பரில் பழைய எழுத்தாளர்களின் காப்புரிமை காலாவதியானதும், அந்த நூல்களைப் பதிப்பாளர் ரெக்லாம் மலிவு விலையில் அச்சடித்துத் தள்ளினார். முதல் எண்ணே ஃபவுஸ்ட்தான். மஞ்சள் அட்டை வந்தது 1970இல்.

அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்து வரி படித்தேன். பாதி புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் ஒரு நிலவறை மதுக்கடைக் காட்சி வரும். சாத்தான் மேசையில் துளை போட்டு ஒயின் வரவழைத்து மாணவர்களைக் கிறுக்கர்களாக்குவான். அந்த அவர்பாக் கெல்லர் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. வாசலில் உள்ள ஃபவுஸ்ட் சிலையின் ஷூவைத் தொட்டால் அதிர்ஷ்டமாம். தேய்த்துத் தேய்த்து அது மட்டும் பளபளவென்று இருக்கும். நம் ஆட்களைத்தான் மூடநம்பிக்கை என்கிறார்கள்! கதே இந்த ஊருக்கு வந்தது 1765இல், 16 வயதில், அப்பா சட்டம் படிக்க அனுப்பியதால். பட்டம் வாங்காமல், உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1768இல் வீடு திரும்பினார். இதைப் படித்ததும் கதே எனக்கு ஹாஸ்டல் சீனியர் மாதிரி ஆகிவிட்டார்.

எழுத்து புரியத் தொடங்கியதும் தெருவும் புரிய ஆரம்பித்தது. என் வாசலுக்கு எதிரே நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கும். ஒரு வருடம் மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன். "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருடம், நாஜிகள் எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. ஷ்டோல்பர்ஷ்டைன், தடுக்கிவிடும் கல் என்று பெயர். நாஜிகள் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கியது 1938 நவம்பர் 9 இரவு. அந்தத் தேதி வந்தால் பக்கத்துவீட்டுப் பாட்டி முழங்காலிட்டு அந்தத் தகட்டைத் துணியால் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். என் ஓட்டை ஜெர்மனில் யார் இவர் என்று கேட்டேன். குளிரில் அரை மணி நேரம் நின்று சொன்னார். இங்கிலீஷில் கேட்டிருந்தால் "ஹிஸ்டரி" என்று ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும்.

வைமரில் கதேயின் வீடும் புகன்வால்ட் வதைமுகாமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்த்தேன். பள்ளியில் தங்களை இரண்டுக்கும் கூட்டிப்போனதாக உடன் படித்த ஒருவன் சொன்னான். தங்கள் பெருமையையும் அசிங்கத்தையும் ஒரே சுற்றுலாவில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, ஜெர்மானியர்களிடம் நான் பொறாமைப்படுவது அதற்குத்தான். ரயிலுக்கு அல்ல. ரயில் நேரத்துக்கு வருவதில்லை.

அப்புறம் ஹாலே. லைப்சிக்கிலிருந்து அரை மணி நேரப் பயணம். அங்கே ஃபிராங்கே என்ற பழைய கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. வழிகாட்டி ஒரு சுவடியின் படத்தைக் காட்டி, "நீங்கள் தமிழராயிற்றே, படியுங்கள்" என்றார். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எழுத்துக் கூட்டி இரண்டு வரி போவதற்குள் வியர்த்துவிட்டது.

ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அ, ஆ எழுதிக் கற்றவர். தமிழ்ச் சுவடிகளை நூற்றுக்கும் மேல் சேர்த்துக் குறிப்பும் எழுதினார். அவர் வந்தது மதம் பரப்ப, மறுக்கவில்லை. ஆனால் 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பியபோது, உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அச்சிட மறுத்துவிட்டார்கள். கடைசியில் அது அச்சானது சென்னையில், ரெக்லாம் வரிசை தொடங்கிய அதே 1867இல்.

தம்பி, கடைக்குப் போய்வர ஏ1 போதும். லைப்சிக் பக்கம் போனால் அந்தத் தெருமுனை அலமாரியைப் பார். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதிய ஃபவுஸ்ட் ஒன்று கிடைத்தால், அது நான் வைத்துவிட்டு வந்தது. 40ஆம் பக்கத்துக்கு மேல் அர்த்தம் தப்பாக இருக்கலாம்.