கேம்பர் வான் பயணத்தை எங்கே முடிப்பது?

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வான்களில் குழுவாகப் பயணம் போகிறவர்கள் எங்கே தொடங்குவது, எங்கே தங்குவது என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். முடிவைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கடைசி நாள் விடியமுன்னமே ஆளுக்கொரு பக்கம் வானை எடுத்துக்கொண்டு "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்கோ" என்று கத்திவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அது துண்டறப் பிடிக்காது.

இந்த முறை திருகோணமலையில்தான் முடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். ஊர்ப்பற்று என்று கிண்டலடித்தார்கள், கொஞ்சம் இருக்கலாம். ஆனால் உண்மையான காரணம் வீதிகள். எங்களோடு வந்த கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பம் கந்தளாய், ஹபரணை என்று ஏ6 இல் போகலாம், யாழ்ப்பாணத்து ஐயா ஹொரவப்பொத்தானையால் வவுனியாவுக்குப் போய் ஏ9 ஐப் பிடிக்கலாம், மட்டக்களப்பு அண்ணாவுக்குக் கிண்ணியா, மூதூர், வெருகல் என்று ஏ15 இருக்கிறது. ஒருவருக்காக மற்றவர் சுற்றிப் போகத் தேவையில்லை. (2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு பாதை என்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றக் காத்துக்கிடந்த கதையை அண்ணா தொடங்கினால் தேநீர் ஆறிவிடும்.)

நம் நாட்டில் கேம்பர் வானுக்குத் தண்ணீர் பிடிக்க, கழிவுத் தொட்டி வெறுமையாக்க என்று ஒழுங்கான இடங்கள் கிடைப்பது கஷ்டம். கோயில் கிணறு, தெரிந்தவரின் வளவு, பெற்றோல் செட் என்று கேட்டுக் கேட்டுத்தான் ஓட வேண்டும். முன்பின் தெரியாத நாங்கள் பழகியதும் அந்த அலைச்சலில்தான். சிகிரியாவைச் சேர்ந்து பார்த்ததால் யாரும் நண்பராகவில்லை. ஒடுக்கமான ஒழுங்கையில் வானைப் பின்னுக்கு எடுக்கும்போது வெயிலில் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டினாரே, அவர்தான் நண்பர்.

அதனால் கடைசி நாளுக்கு ஒரு திட்டமும் போடாதீர்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு வளவில் வான்களை விட்டோம். விருப்பமானவர்கள் படகில் புறாமலைத் தீவுக்குப் போனார்கள், கோணேசர் கோயிலுக்கும் போய் வந்தோம், கோயில் வழியிலுள்ள கோட்டைக்குள் திரியும் மான்கள் பொலித்தீனைச் சப்புவதைப் பார்த்து வெள்ளவத்தை அக்கா சண்டைக்குப் போனது தனிக்கதை. எல்லாரும் ஒன்றாகப் போனது கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு மட்டும். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. அரை வாளித் தண்ணீரில் உடம்பு கழுவிக்கொண்டு திரிந்தவர்களுக்கு வாளி வாளியாக அள்ளி ஊற்றுவது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கிய கிணறுகள் என்றுதான் ஐதீகம், பயணத்துக்கு அந்தியேட்டி செய்ய நல்ல இடம் பார்த்திருக்கிறாய் என்றார் ஐயா.

இரவு மிச்சமிருந்த அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துச் சமைத்தோம். இங்கேதான் என் பிடிவாதம்: கணக்கைச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். டீசல் அவரவர் பாடு, கேஸும் மரக்கறியும் வளவு வாடகையும் பொது. ஐயா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. சாப்பிட்ட பிறகென்றால் எல்லாரும் பெருந்தன்மையாக "விடுங்கோ, பிறகு பார்ப்பம்" என்பார்கள், பிறகு அது வருடக்கணக்கில் மனதுக்குள் கிடந்து அரிக்கும். புது நட்புகள் பெரும்பாலும் காசில்தான் முறிகின்றன, ரசனையில் அல்ல.

அப்புறம் வழக்கமான சத்தியம் வந்தது, வருடா வருடம் இதே ஆட்கள் இதே மாதிரி வர வேண்டுமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீதியில் கிடைத்த நட்பு வீதியோடு நிற்பதில் என்ன குறை? அக்காவுக்குக் கோபம், காலையில் வெளிக்கிடும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் மிச்சக் கருவாட்டை என் வானுக்குள்தான் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும்தான் வருகின்றன. கலைத்துவிடுவோமா என்று நேற்றுக் கேட்டேன். ஐயா ஒரு ரோசாப்பூப் போட்டார், மற்றவர்கள் மூச்சுக் காட்டவில்லை.