மண்டையோட்டுச் சின்னம் நாஜிகளுக்கு முந்தையது

ஒரு பழைய படத்தில் உள்ள கறுப்பு நிறக் குதிரைப்படைச் சீருடையின் தொப்பியில் மண்டையோடு இருப்பதால் அது நாஜிக் காலத்தது என்று ஒருவர் குறிப்பிட்டுள்ளார். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். இரண்டாம் பிரெடெரிக் மன்னர் 1741இல் அமைத்த பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் 5ஆம் ஹுஸார் (இலகு குதிரைப்படை) படைப்பிரிவு இச்சின்னத்தை அணிந்தது. அதன் வழிவந்து, பிற்காலத்தில் டான்சிக் (இன்று போலந்தின் க்தான்ஸ்க்) நகரில் நிலைகொண்டிருந்த இரண்டு மெய்க்காவல் ஹுஸார் படைப்பிரிவுகளும் முதல் உலகப்போர் வரை அதையே அணிந்தன. நாஜிக் கட்சி தோன்றியதோ 1920இல்தான். பின்னாளில் நாஜிகளின் எஸ்.எஸ். படை எடுத்துக்கொண்ட சின்னத்துக்காக முந்தைய வீரர்கள்மேல் பழி விழுவது வருத்தத்துக்குரியது.

இதை எவரும் சரிபார்க்கலாம்: 1909இல் இரண்டாம் மெய்க்காவல் படைப்பிரிவின் கௌரவத் தலைவியான, ஜெர்மன் பேரரசரின் மகள் இளவரசி விக்டோரியா லூயிசா, மண்டையோட்டுத் தொப்பியுடன் அச்சீருடையில் நிற்கும் பழைய அஞ்சல் அட்டைகளைத் தேடி, அவற்றின் தபால் முத்திரையில் உள்ள ஆண்டைப் பாருங்கள்.