அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல விட்டிருக்கலாம்

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

பெரிய பெருக்கலை எளிதாக்கும் மடக்கையை (லாகரிதம், சுருக்கமாக லாக்) இருபது வருடம் உழைத்து உருவாக்கிய நேப்பியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பையன் கையைத் தூக்கி, "இருபது வருஷமா அவர் என்ன பண்ணார் அங்கிள்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசைப் பெற்றோர் ஒருவர், "கால்குலேட்டர்ல அது ஒரு பட்டன் சார். பரீட்சைக்கு வர்றதைச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையன் கையை இறக்கிவிட்டான்.

மடக்கை ஒரு பட்டன் இல்லை ஐயா. ஒரு மனிதரின் இருபது வருட உழைப்பு.

ஜான் நேப்பியர் 1550இல் எடின்பரோவை அடுத்த மெர்க்கிஸ்டனில் பிறந்தவர். பேராசிரியர் வேலை பார்த்தவரல்லர், நிலக்கிழார். அந்தக் காலத்து வானியலாளர்கள் ஏழெட்டு இலக்க எண்களைக் கையாலேயே பெருக்கி, வகுத்து மாய்ந்தார்கள். ஓர் இலக்கம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு வழி என்ன? 2, 4, 8, 16, 32 என்று வரிசையாக எழுதுங்கள். 8 மூன்றாவது, 32 ஐந்தாவது. மூன்றும் ஐந்தும் எட்டு. எட்டாவது இடத்தில் 256 இருக்கும். 8ஐ 32ஆல் பெருக்கினாலும் அதேதான். பெருக்கல் கூட்டலாகிவிட்டது! இப்படி ஓர் எண்ணின் இடத்தைச் சொல்லும் எண்தான் மடக்கை. ஆனால் இடையில் விடுபட்ட எண்களுக்கு என்ன செய்வது? அங்கேதான் அவருடைய வருடங்கள் போயின. 0 முதல் 90 பாகை வரை, பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு ஒன்று என்று, கோணக் கணக்கில் வரும் சைன் மதிப்புகளுக்கு மடக்கை கணக்கிட்டு, 1614இல் அட்டவணையாக வெளியிட்டார்.

அதைப் படித்துவிட்டு லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615இல் எடின்பரோவுக்கே புறப்பட்டுப் போனார். இருவரும் கால் மணி நேரம் பேச்சே வராமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். மேலே எழுதிய வரிசைக்கு இரண்டு அடிப்படையாக இருப்பதுபோல, பத்தை அடிமானமாக வைக்கலாம் என்று அவர்கள் பேசி முடிவுசெய்ததுதான் நாம் படித்த லாக் டேபிள், அதாவது மடக்கை அட்டவணை. மறுவருடமும் பிரிக்ஸ் போனார். மூன்றாம் முறை போக இருந்தபோது, 1617இல், நேப்பியர் இறந்துவிட்டார்.

"இனி யார் லாக் டேபிள் பார்க்கப் போகிறார்கள்?" என்பீர்கள். யாரும் பார்க்க வேண்டாம், நானும் பார்ப்பதில்லை. "பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாரம்." சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நில அதிர்வின் அளவும், ஒலியின் டெசிபெலும், வேதியியல் பாடத்தில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பும் மடக்கைதான். காரணம் தெரியாமல் ஏ-மாத்ஸில் (கூடுதல் கணிதப் பாடத்தில்) விதிகளை மனப்பாடம் செய்கிறார்களே, அதைவிடப் பெரிய பாரம் உண்டா? "நம்ம ராமானுஜன் இருக்க வெள்ளைக்காரன் எதுக்கு?" என்று ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

என் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் ஒரு ஸ்லைடு ரூல் எப்போதும் இருக்கும். நேப்பியரின் மடக்கையைச் சட்டத்தில் கோடுகளாகப் பொறித்த கருவி அது. நகர்த்தினால் பெருக்கல் முடிந்தது. அங் மோ கியோ வீட்டைக் காலி செய்தபோது மற்ற சாமான்களோடு அதையும் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம், "அந்த உறையாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உறையும் இல்லை.

பட்டன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமையும் அதே அறையில்தான் இருப்பேன். தம்பி, நீ வா. உன் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.