மெடிக்கல் ஃபீஸை ராணுவம் கட்டினால்

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது. "ஆர்மி முழு ஃபீஸும் கட்டுதாம். நாலு வருஷம் வேலை பார்த்தா போதுமாம். கடனே இருக்காதாம்." முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சரிதான். நடுவில் இருக்கும் அந்த "போதுமாம்" பற்றித்தான் இந்தப் பதிவு.

திட்டத்தின் பெயர் ஹெல்த் புரொஃபஷன்ஸ் ஸ்காலர்ஷிப் புரோகிராம், சுருக்கமாக எச்.பி.எஸ்.பி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுமே தருகின்றன. டியூஷன், மற்ற கட்டணங்கள், புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. அதுபோக மாதம் 2,000 டாலருக்கு மேல் உதவித்தொகை. மருத்துவம், பல் மருத்துவம் படிப்பவர்களுக்குச் சேரும்போது 20,000 டாலர் போனஸும் உண்டு. பதிலுக்கு, அவர்கள் பணம் கட்டிய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் முழுநேரப் படைப்பணி. குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு செல்லாது. பாதிப் பேருக்கு ஆசை இங்கேயே முடிந்துவிடும்.

இது எப்படி வந்தது என்று பார்த்தால் பல விஷயம் புரியும். 1950 முதல் டாக்டர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கவே தனிச் சட்டம் இருந்தது. 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அது நிற்கப்போகிறது என்று தெரிந்து, 1972இலேயே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு சட்டம் போட்டது. எச்.பி.எஸ்.பி.யும், பெதஸ்டாவில் இருக்கும் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகமும் அதில் பிறந்தவைதான். பிடித்து இழுத்து வந்த டாக்டருக்குப் பதில், காசு கொடுத்து வரவழைக்கும் டாக்டர். இதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. படைக்கு டாக்டர் வேண்டும், மாணவருக்குப் பணம் வேண்டும், வெளிப்படையான பேரம். ஒரு பக்கத்துக்காரருக்கு 22 வயசு என்பதுதான் இடிக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 22 வயசில் சேர்ந்தால் 26இல் படிப்பு முடியும். உடனே அந்த நாலு வருஷம் ஓட ஆரம்பிக்காது. ரெசிடென்சி, அதாவது படிப்பு முடிந்தபின் ஒரு துறையில் எடுக்கும் பயிற்சி, ராணுவ மருத்துவமனையில் செய்தால் அந்த வருஷங்கள் இந்தக் கணக்கில் கழியவே கழியாது. ஜெனரல் சர்ஜரி என்றால் 31 வயசு வரை ரெசிடென்சி, அதற்குப் பிறகுதான் நாலு வருஷம். வெளியே வரும்போது 35. ரெசிடென்சி இன்னும் நீளமாக இருந்தால் சேவைப் பாக்கியும் கூடலாம். சேவைப் பொறுப்பு மொத்தம் 8 வருஷம், முழுநேரம் போக மிச்சம் ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் கூப்பிடும் பட்டியலில், பெயர் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், எந்தத் துறை என்பது. யாருக்கு எந்த ரெசிடென்சி இடம் என்று ஒதுக்குவதை மேட்ச் என்பார்கள், ராணுவத்துக்கென்று அது தனியாக இருக்கிறது. டிசம்பரிலேயே முடிவு வந்துவிடும், மற்றவர்களுக்கு மார்ச்சில்தான். அந்த வருஷம் படைக்கு எத்தனை தோல் டாக்டர், எத்தனை எலும்பு டாக்டர் தேவையோ அதற்கேற்பத்தான் இடம். கேட்ட துறை கிடைக்காதவர்களில் பலர் ஒரு வருஷ இன்டர்ன்ஷிப் முடித்ததும் ஜெனரல் மெடிக்கல் ஆபீசராக, அதாவது துறைப் பயிற்சி முடிக்காத பொது டாக்டராகப் போவார்கள். கப்பல், மரீன் பிரிவு, விமானப் பிரிவு என்று எங்கேயும் இருக்கலாம். கடற்படையில் இது நெடுங்காலப் பழக்கம். அந்த வருஷங்கள் பாக்கியில் கழியும் என்பதால், சிலர் மொத்தத்தையும் இப்படியே கழித்துவிட்டு வெளியே வந்து, 31 வயசில் புதிதாக ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். கூடப் படித்தவர்கள் அப்போது தனியாக ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார்கள்.

பணமாகப் பார்த்தாலும் எல்லோருக்கும் ஒரே விடை வராது. ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம் போகப்போகிறவருக்கு இது லாபமாகவே முடியலாம். கடன் இல்லை, ரெசிடென்சி காலத்தில் ராணுவச் சம்பளம் வெளியே கிடைப்பதைவிட அதிகம். ஆர்த்தோ, இதய சிகிச்சை மாதிரி துறைகளில் அந்த நாலு வருஷத்தில் வெளியே சம்பாதித்திருக்கக்கூடிய தொகை, கட்டிக்கொடுத்த ஃபீஸைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் எந்தத் துறைக்குப் போவோம் என்று முதல் வருஷ மாணவருக்கு எங்கே தெரியும்? மூன்றாம் வருஷம் வார்டுக்குள் போன பிறகுதான் பாதிப் பேருக்கு மனசு மாறுகிறது. கையெழுத்து அதற்கு ரொம்ப முன்னாலேயே போட்டாகிவிட்டது.

"போருக்கு அனுப்பிடுவாங்களாண்ணா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அனுப்புவார்கள்மா, ராணுவம் வேறு எதற்கு இருக்கிறது?

சட்டப் படிப்புக்கும் இப்படி ஒன்று உண்டு. ஆனால் அது ஏற்கெனவே படையில் இருப்பவர்களுக்கு மட்டும். வருஷத்துக்கு அதிகபட்சம் 25 பேர் அளவில்தான் தரைப்படை எடுக்கும், படித்த ஒரு வருஷத்துக்கு இரண்டு வருஷம் வேலை. இரண்டு மடங்கு கறார்தான், இருந்தும் எனக்கு இது அதிகம் பிடித்திருக்கிறது. படை என்றால் என்னவென்று அனுபவித்துப் பார்த்தவர்தானே அங்கே கையெழுத்துப் போடுகிறார்!

இப்போது எனக்கு உறுத்துவது கடன் சட்டம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது, அதாவது மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த அரசுக் கடன். மருத்துவம் மாதிரி தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். பல தனியார் மெடிக்கல் ஸ்கூல்களில் டியூஷன் மட்டுமே 60,000ஐத் தாண்டுகிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன், இல்லையென்றால் அப்பா அம்மா. இரண்டும் முடியாத பிள்ளைக்கு எச்.பி.எஸ்.பி. என்பது தேர்வாகவே இருக்காது, மிஞ்சிய ஒரே வழியாகத்தான் இருக்கும். டாக்டர்களைக் கட்டாயப்படுத்துவதை 1973இல் நிறுத்தினார்கள், இப்போது வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அது வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது என்றே எனக்குப் படுகிறது.

நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்று சீருடை போடாத வழியும் இருக்கிறது. டாக்டர் இல்லாத பகுதிகளில் இரண்டு முதல் நாலு வருஷம் வேலை, ஆனால் அடிப்படை மருத்துவத் துறைகளுக்குத்தான். அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

கடனே இல்லாவிட்டாலும் படையில் சேர்ந்திருப்பேன் என்று சொல்லும் பிள்ளை இருந்தால், தாராளமாகச் சேரட்டும், நானே கைதட்டுவேன். மற்றவர்கள் ரெக்ரூட்டரோடு (படைக்கு ஆள் சேர்ப்பவர்) நிறுத்திக்கொள்ளாமல், இப்போது ராணுவ ரெசிடென்சியில் இருக்கும் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். போன டிசம்பரில் எந்தத் துறைக்கு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். ரெக்ரூட்டர் வாயால் சொன்னது எதுவாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.