ராசியில்லாதவர் என்று பெயர் எடுத்த பாடகி

17-ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் போதும், இத்தாலியர்களின் மூடநம்பிக்கைகள் என்று ஒரு பட்டியல் எங்கிருந்தாவது சுற்றத் தொடங்கிவிடும். படிக்கச் சுவையாகத்தான் இருக்கும், நானும் விரும்பிப் படிப்பேன். ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒரு விஷயம் மட்டும் வருவதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் பட்டியலில் வருவதைப் பார்த்துவிடுவோம். மேற்கு நாடுகள் பலவற்றில் 13 ஆகாது. இத்தாலியிலோ 13 பெரும்பாலும் நல்ல எண். ஒரே மேசையில் 13 பேர் சாப்பிட உட்காரக் கூடாது, அவ்வளவுதான். அங்கே ஆகாத எண் 17. ரோமன் முறையில் அந்த எண்ணை எழுதி, எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் 'வாழ்ந்து முடித்தேன்' என்ற பொருளில் ஒரு லத்தீன் சொல் வரும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். பயம் எவ்வளவு என்றால், ரெனோ நிறுவனம் தன் '17' காரை இத்தாலியில் '177' என்று பெயர் மாற்றித்தான் விற்றது.

நாடகக்காரர்களுக்கு ஊதா நிறம் ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பாதிரியார்கள் ஊதா அங்கி அணிவார்கள். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்க நாடகக் கொட்டகைகள் மூடிக்கிடக்கும். நடிகனுக்கு வேலை இல்லை, கூலி இல்லை. ஊதாவைக் கண்டால் அவன் வயிறு கலங்காமல் என்ன செய்யும்? கட்டில்மேல் தொப்பியை வைக்கக் கூடாது என்பதற்கும் இப்படி ஒரு கதை உண்டு. சாகக்கிடப்பவரைப் பார்க்க அவசரமாக வரும் வைத்தியரும் பாதிரியாரும்தான் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைப்பார்களாம். பசியும் சாவும் பின்னால் நிற்கும் இந்த வழக்கங்களை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

கண்ணேறு கழிப்பது இன்னும் அழகு. அதை 'மலோக்கியோ' என்பார்கள். தெற்கு இத்தாலியில் யாருக்காவது காரணமில்லாமல் தலைவலி வந்தால், விஷயம் தெரிந்த ஒரு பாட்டியம்மாவிடம் போவார்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, வாய்க்குள் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே விரல் நுனியால் ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். சொட்டுகள் வட்டம் வட்டமாக அப்படியே மிதந்தால் ஒன்றுமில்லை. பரவிக் கலைந்தாலோ ஒன்றோடொன்று சேர்ந்தாலோ கண் பட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஜெபத்தை எல்லா நாளும் சொல்லிக்கொடுக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்தான் மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தர வேண்டும். திருஷ்டி சுற்றிப்போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டாம்.

தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் மிளகாய் மாதிரி வளைந்த சிவப்புக் கொம்புகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்பார்கள். அதை நமக்கு நாமே வாங்கிக்கொண்டால் பலிக்காது, இன்னொருவர் கையால் வர வேண்டும்.

சரி, பட்டியல் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். கொம்பு எதற்காக என்று மேலே யாரும் கேட்பதில்லை. கெட்ட கண்ணிலிருந்து தப்பிக்க. அப்படியானால் அந்தக் கண் ஒரு மனிதருடையது. அவருக்கு நேப்பிள்ஸில் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'யெத்தத்தோரே'. அவர் யாருக்கும் கெடுதல் நினைக்க வேண்டியதில்லை. வந்தாலே, பார்த்தாலே கெட்டது நடக்குமாம். 19-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸுக்கே இந்தப் பெயர் இருந்தது. அவரிடம் ஆசி வாங்கிக்கொண்டே, மறைவாகக் கையில் கொம்பு முத்திரை (ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டுவது) பிடித்த பக்தர்கள் இருந்தார்கள். போப்பைப் பதவியிலிருந்து இறக்க முடியாது, அதனால் அவர் தப்பித்தார்.

மியா மார்ட்டினி தப்பிக்கவில்லை.

இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில் 1947-இல் பிறந்த பாடகி. எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் மிகப் பெரிய குரல்களில் ஒன்று. 1972, 1973 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் ஃபெஸ்டிவல்பார் என்ற பாட்டுப் போட்டியில் வென்றவர். கச்சேரி முடிந்து திரும்பும்போது நடந்த ஒரு சாலை விபத்தில் அவருடைய குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் இறந்தார்கள். அதை வைத்து, இந்தப் பெண் ராசியில்லாதவள் என்ற பேச்சு கிளம்பியது. அவர் வருவதாக இருந்தால் நாங்கள் வரவில்லை என்றார்கள் பாட்டுத் துறையில் இருந்தவர்கள். பெயரை உச்சரித்தாலே ஆகாது என்று, பெயர் சொல்லாமலேயே அவரைக் குறிப்பிட்டார்கள். 1983-இல் அவர் பாடுவதையே விட்டு விலகினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. அழைப்புதான் வரவில்லை.

'யாரும் நிஜமாக நம்புவதில்லை, எல்லாம் விளையாட்டுக்குத்தான்' என்று இத்தாலியர்களே சொல்வதுண்டு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முழுசாக நம்புகிறவனோடு வாதாடலாம். 'எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் எதற்கு வம்பு' என்கிறவனோடு எப்படி வாதாடுவது? அவன் யாரையும் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. நிகழ்ச்சிக்கு வேறொருவரை அழைத்துக்கொண்டான், அவ்வளவுதான். இப்படிப் பத்துப் பேர் செய்தால் ஒருவருடைய பிழைப்பு போய்விடும், பழி மட்டும் யார் தலையிலும் விழாது.

இந்தக் குற்றச்சாட்டைப் பொய்யென்று நிரூபிக்கவும் வழி கிடையாது. அவர் பாடி ஒன்றும் நடக்கவில்லை என்றால், பையில் இருந்த கொம்பு காப்பாற்றியது என்பார்கள். ஒலிபெருக்கி கரகரத்தால் போதும், 'பார்த்தாயா!' எண் 17-ஐத் தாண்டிப் போகலாம், ஊதாச் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். மனுஷி எதை மாற்றிக்கொள்வாள்? 'ராசியில்லாத நடிகை' என்ற பேச்சு நமக்கும் புதிதில்லை, இங்கேயும் அதைக் கிசுகிசு மாதிரி சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம்.

1989-இல் மியா மார்ட்டினி, இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழா மேடைக்குத் திரும்பி வந்தார், விமர்சகர் விருதையும் வாங்கினார். அந்த விருதே 1982-இல் அவருக்காகத்தான் முதன்முதலில் ஏற்படுத்தப்பட்டது. 1995 மே மாதம், தன் வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். வயது 47. அடுத்த ஆண்டிலிருந்து அந்த விருதுக்கு அவருடைய பெயர்தான். பெயரைச் சொல்லவே பயந்த அதே துறை, இன்று ஆண்டுதோறும் மேடையில் அதை அறிவிக்கிறது.

அடுத்த முறை இத்தாலிய மூடநம்பிக்கைப் பட்டியல் பகிர்கிறவர்கள், 17-க்குப் பக்கத்தில் மியா மார்ட்டினி என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 1989 சான்ரெமோவில் அவர் பாடிய பாட்டு யூடியூபில் இருக்கிறது. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை கேளுங்கள்.