குவார்ட்டர் கிழிந்த வாத்தியார்

(வேலூர்க் கோட்டைக்கு எதிரே, வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் கடை. கடைக்காரர் பாய், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் நடத்துகிறவர். உச்சிவெயில்.)

வாத்தியார்: பாய், சீக்கிரம் முடித்துக் கொடுங்கள். இன்று வகுப்பில் ‘பெட்ரிகோர்’ நடத்த வேண்டும்.

பாய்: அது என்ன சார், இருமல் மருந்தா?

வாத்தியார்: காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் கிளம்புகிற வாசனை. 1964-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் வைத்த பெயர்.

பாய்: மே மாதத்து வேலூரில் பிள்ளைகள் எதை முகர்ந்து பார்த்துப் புரிந்துகொள்வார்கள்? (ஷூவைப் புரட்டி) சார், உங்களுக்குக் குவார்ட்டர் கிழிந்திருக்கிறது.

வாத்தியார்: (சுற்றுமுற்றும் பார்த்து) மெல்லப் பேசுங்கள் பாய்! நான் அதைத் தொடுவதே இல்லை.

பாய்: ஷூவின் பின்பக்கத் தோல் சார். அதற்குப் பெயர் குவார்ட்டர். உள்ளே கவுண்டரும் நைந்துவிட்டது.

வாத்தியார்: கவுண்டர் என்றால் டிக்கெட் கொடுக்கிற இடம்.

பாய்: குதிகாலைச் சுற்றி விறைப்பாக நிற்கிறதே, அந்த அட்டை. உங்கள் வேம்ப் மட்டும் நன்றாக இருக்கிறது.

வாத்தியார்: என்ன பேச்சு இது! வேம்ப் என்றால் ஆண்களை மயக்குகிற பெண். வேம்பயர் என்பதன் சுருக்கம்.

பாய்: ஆம்பூரில் நாள் முழுவதும் வேம்ப் வெட்டினோம், ஒருவனும் மயங்கவில்லை. விரல்களுக்கு மேலே வருகிற முன்பக்கத் தோல் அது.

(வாத்தியாரின் ஷூ எந்த ஊரில் தைத்தது என்று தெரியவில்லை. கிழிந்த விதத்தைப் பார்த்தால் ஆம்பூராக இருக்காது.)

வாத்தியார்: கம்பெனியில் உங்களுக்கு என்ன வேலை?

பாய்: முதலில் ஸ்கைவிங்.

வாத்தியார்: இங்கிலாந்தில் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்!

பாய்: எங்களுக்கு அதற்குச் சம்பளம், போனஸ் எல்லாம் உண்டு. தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். இல்லையென்றால் மடித்துத் தைக்கிற இடத்தில் தடித்துக் காலைக் கடிக்கும். பிறகு லாஸ்டிங்குக்கு மாற்றினார்கள். ஷூவுக்கு லாஸ்ட்தான் முதல்.

வாத்தியார்: லாஸ்ட் எப்படி முதலாகும்?

பாய்: கால் மாதிரியே இருக்கிற அச்சு சார். அது இல்லாமல் ஷூ பிறக்காது.

வாத்தியார்: (வியர்வையைத் துடைத்து) சரி, ஷூலேஸ் நுனியில் பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதே, அதற்குப் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாய்: ஏக்லெட். உங்களுடையது உதிர்ந்துவிட்டது. நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருட்டித் தருகிறேன். ஒன்று கேட்கட்டுமா? இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நாலு வரியில் ஒரு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்களேன்.

வாத்தியார்: இப்படித் தெரியாத விஷயத்தில் தலையிடுகிறவர்களுக்கென்றே ஒரு சொல் உண்டு. அல்ட்ராக்ரெபிடேரியன்! கிரேக்க ஓவியர் அப்பெலீஸ் தம் ஓவியத்தை வெளியில் வைத்துவிட்டு மறைந்து நின்றாராம். செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்து, செருப்பில் ஒரு வளையம் குறைகிறது என்றார். ஓவியர் திருத்தினார். மறுநாள் அவரே வந்து, கால் சரியில்லை என்றார். ‘செருப்புக்கு மேலே பேசாதே’ என்று ஓவியர் அதட்டிவிட்டார். இது ரோமானியர் பிளினி எழுதி வைத்த கதை.

பாய்: வளையத்தைச் சொன்னதற்குக் கூலி கொடுத்தாரா?

வாத்தியார்: அதைப் பிளினி எழுதவில்லை.

பாய்: எழுத மாட்டார். இந்தச் சொல் எப்போது வந்தது?

வாத்தியார்: 1819-இல் ஹாஸ்லிட் என்ற எழுத்தாளர், வில்லியம் கிஃபோர்ட் என்ற பத்திரிகை ஆசிரியரைத் திட்டியபோது.

பாய்: அந்த கிஃபோர்ட் ஆரம்பத்தில் என்ன தொழில் செய்தார்?

வாத்தியார்: (குரல் இறங்கி) சின்ன வயதில்... செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகினார்.

பாய்: நினைத்தேன். (ஷூவை நீட்டி) 120 ரூபாய் சார்.

வாத்தியார்: நாலு தையலுக்கு 120-ஆ! இந்த நூலும் அட்டையும் 50 ரூபாய் பெறாது.

பாய்: சார், இப்போது அந்த அல்ட்ரா யார்?

(வாத்தியார் ஷூவுக்குள் காலை நுழைப்பதில் மும்முரமாகிறார்.)

பாய்: கோபிக்காதீர்கள். அந்தச் சொல்லை இந்த அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பேரம் பேச வருகிறவர்களுக்காக மாட்டி வைக்கிறேன்.

வாத்தியார்: (பேனாவைத் திறந்து) எழுத்துக்கு 5 ரூபாய். ஆங்கிலத்தில் 16 எழுத்து. 80 ரூபாய் ஆகும்.

பாய்: அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். ‘லாஸ்ட்’ என்று எழுதுங்கள். நாலு எழுத்து, 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 100 கொடுங்கள். வருகிறவர்கள் அதைக் கடைசி விலை என்று படித்துக்கொள்ளட்டும்.